தண்ணீருக்கு அடுத்து என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை அரவேணு சர்ச் ஹாலில் நடந்த பொது அறிவுப் போட்டியில் கப் எனக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இனிமேல் எழுதப் போவதைப் படித்துவிட்டு, 'தோற்ற ஆள் புலம்புகிறான்' என்று நினைத்துவிடுவீர்கள்.

ஜெயித்தவனுக்கு எதற்கய்யா வயிற்றெரிச்சல் என்கிறீர்களா? ஜோசப்பைப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள்.

ஜோசப் அரவேணுக்காரர். பி.ஏ. ஹிஸ்டரி படித்துவிட்டு, பக்கத்து டீ ஃபேக்டரியில் டீ மேக்கராக, அதாவது பச்சை இலை தூளாகிற வரைக்கும் மேற்பார்க்கிறவராக, இருந்தார். ஆமாம், இருந்தார்... தேயிலை விலை விழுந்ததில் சின்னத் தோட்டக்காரர்கள் இலை பறிப்பதையே விட்டுவிட்டார்கள் — பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுபடியாகவில்லை. இலை வராத ஃபேக்டரி எத்தனை நாள் ஓடும்? பூட்டிவிட்டார்கள். இந்த மாதத்துக்குள் இங்கே வேலை கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போவதாக இருந்தார்.

நானோ குன்னூரில் பேங்க் உத்தியோகம். டீ விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? சம்பளம் வந்துவிடும். நான் போய் அவரைப் பார்த்துப் பொறாமைப்படலாமா?

பட்டேனே! வருஷா வருஷம் ஜெயிக்கிறவர் கைக்கு மாற வேண்டிய அந்த ரோலிங் கப், பல வருஷமாக என் வீட்டு ஷோகேஸில்தான் குடியிருக்கிறது. ஃபேக்டரி ஓடிய வரைக்கும் ஜோசப்புக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட். இந்த வருஷம்தான் மனுஷன் முதல்முறையாக வந்து உட்கார்ந்தார்.

இன்னொரு விஷயமும் உண்டு. போட்டிக்கான கேள்விகளைத் தயாரித்து அட்டைகளில் எழுதிக் கொடுப்பது குன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பொது அறிவு ஆசிரியர். அவர் இந்த வருஷத்தோடு ரிட்டயர் ஆகிறார். அந்த இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த பள்ளிக் கரஸ்பாண்டென்ட் அம்மாதான் அன்றைக்குச் சீஃப் கெஸ்ட். ஜோசப் எதற்காக இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருக்கிறார் என்பது ஹாலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

போட்டி ஆரம்பித்தது. எங்கள் ஹாலில் பஸ்ஸர் எல்லாம் கிடையாது. மேசையை முதலில் தட்டுகிறவர் பதில் சொல்லலாம். ஈரச் சுண்ணாம்பில் வரைகிற சுவர் ஓவியத்துக்கு என்ன பெயர்? தட்டினேன். "ஃப்ரெஸ்கோ." டெல்லிக்கு முன்னால் வெள்ளைக்காரனின் தலைநகரம்? "கல்கத்தா." ஸ்னூக்கருக்கு விதி எழுதிய ஊர்? "ஊட்டி." மூன்றும் சரி. ஆனால் கைதட்டல்...? முன்வரிசையில் ஒரு அம்மா கொட்டாவி விட்டார்.

'கேட்டமரான்' எந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்? ஜோசப் தட்டினார்.

"தமிழுங்க! நம்ம கட்டுமரந்தானுங்க அது. வெள்ளைக்காரன் வாயில மாட்டிக்கிட்டுப் படாதபாடு பட்டிருச்சு."

ஹால் சிரித்தது. பழைய லண்டன் நாடகங்களில் பெண் வேஷம் போட்டது யார் என்ற கேள்விக்கு, "பசங்கதானுங்க" என்று சொல்லி, இல்லாத முந்தானையை இழுத்துச் செருகிக் காட்டினார். ஒரே விசில்! என் மனைவி விஜயாவும் கைதட்டினாள். என் மனைவி!

இடைவேளையில், பன்னும் டீயும் கொடுத்த நேரத்தில், கேட்டே விட்டேன்.

"நீ யாரு கட்சி?"

"கோவிச்சுக்காதீங்க. அவரு சொன்னாக் கேக்கோணும்னு இருக்குது. நீங்க சொல்றது டெலிபோன் டைரக்டரி படிக்கிற மாதிரியே இருக்குதுங்க."

பாதி பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

கடைசிக் கேள்வி. இருவருக்கும் சமமான பாயின்ட். கேள்வி கேட்பவர் சர்ச் கமிட்டி செக்ரட்டரி. அவருக்கும் சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம் உண்டு. "உலகத்தில் தண்ணீருக்கு அடுத்தபடியாக மக்கள் அதிகம் குடிப்பது எது?"

ஜோசப் முந்திக்கொண்டார்.

"காப்பிங்க!"

"கரெக்ட்!" என்றார் செக்ரட்டரி, அட்டையைப் பார்க்காமலேயே. ஹால் மொத்தமும் எழுந்து கைதட்டியது. ஒருவருக்காவது சந்தேகம் வர வேண்டுமே? தேயிலைக்கு விலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஊர். உலகமே காப்பிக்கு மாறிவிட்டது என்று எல்லோரும் முடிவே கட்டியிருந்தார்கள்.

கை தூக்கினேன்.

அந்த மனுஷன் எதற்காக வந்திருக்கிறார் என்று தெரிந்துமா தூக்கினாய் என்று கேட்பீர்கள். தெரிந்துதான் தூக்கினேன். தப்புக்குக் கப்பா?

"காப்பி இல்ல சார், டீ. அட்டையைப் பாருங்க."

செக்ரட்டரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "டீ...ன்னு போட்டிருக்குதுங்க."

எழுந்து நின்ற ஹால் மெல்ல உட்கார்ந்தது. ஜோசப்பின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். ஜோசப் எழுந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வந்திருக்கலாம், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சார் சொல்றதுதானுங்க சரி. எம்பதில் தப்புங்க. கப் அவருக்குத்தான். ஆனா ஒண்ணுங்க... தண்ணிக்கு அடுத்து உலகமே டீதான் குடிக்குதுன்னா, நம்ம ஃபேக்டரி ஏனுங்க பூட்டிக் கெடக்குது? இந்தக் கேள்விக்கு எந்த அட்டையிலயாச்சும் பதில் இருக்குதுங்களா?"

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம் வந்த கைதட்டலை என் ஆயுசில் நான் வாங்கியதில்லை. தப்பான பதிலுக்கு!

கரஸ்பாண்டென்ட் அம்மா கப்பை என் கையில் கொடுத்தார். "நல்லாப் படிக்கிறீங்க, இன்னும் படிங்க" என்றார், ஐந்தாம் வகுப்புப் பையனிடம் சொல்வதுபோல. சொல்லும்போதே அவர் கண் என் தோளுக்குப் பின்னால் போயிற்று.

"ஜோசப், நாளைக்கு ஸ்கூலுக்கு வந்துருங்க. பசங்க முன்னாடி தப்பைத் தப்புன்னு சொல்ற வாத்தியாரு எனக்கு வேணும்."

ஆக, நான் கை தூக்காமல் இருந்திருந்தால் கப் அவருக்கு. தூக்கியதால் வேலை அவருக்கு. இது என்னய்யா நியாயம்? ஜோசப்பின் மனைவி வந்து எனக்கு நன்றி வேறு சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கப் என் மடியில் இருந்தது. விஜயா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப அடுத்த வருஷத்துல இருந்து கேள்வியெல்லாம் அவருதான் எழுதுவாருங்களா?"

அவரேதான். அவர் பேச்சைக் கேட்டுவிட்ட ஊர், மேடையேறிக் கேள்வி கேட்கவும் அவரைத்தான் கூப்பிடும். இனி அவர் போட்டியிட முடியாது, கப் எனக்கே. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால், ஹால் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து சரியான பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பேன்!