செவப்பியை அளந்த நாள்

செவப்பிப் பசுவின் கயிற்றைப் பிடித்திருந்த பால்காரர் அழகமுத்து முதலில் கேட்டது டை கட்டிய மாணவனைப் பற்றித்தான். "அந்தத் தம்பி என்னா சின்னம்மா, மாட்டுக்குக் கும்புடு போட்ட மாதிரியே நிக்குது?"

அவருக்குப் பயம் என்றாள் பாலாம்பிகை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பயந்த கைக்குப் பால் எறங்காதுன்னு சொல்லுங்க."

அடுத்து, மாணவர்கள் கையிலுள்ள இரும்பு எதற்கு என்று கேட்டார். தோலின் தடிப்பை அளக்க என்றாள். எதற்கு அளக்க வேண்டும்? மூன்று நாளைக்கு முன் கழுத்தில் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க. வீங்கினால் என்ன? அதை அவள் கால்நடை வைத்தியரிடம் ஆங்கிலத்தில் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"வீங்கினா மாட்டுக்குக் காசநோயாம். பாலைக் காய்ச்சாமக் குடிச்சா நமக்கும் வருமாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்துல கட்டி கட்டியா வருமாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் பரிமளத்தின் நினைவு வந்தது.

அது 1936. திகனப் பக்கத்துப் பால்பண்ணைக்கு ஆண்டுதோறும் கொழும்பிலிருந்து மாணவர்கள் கைப்பழக்கத்துக்காக வருவார்கள். பாலாம்பிகையின் தகப்பனார் அங்கே கணக்கெழுதும் கிளாக்கர். மாணவர்களின் ஆங்கிலத்துக்கும் பால்காரர்களின் தமிழுக்கும் நடுவில் நிற்பது அவள் வேலையாகிவிட்டது.

எட்டு மாணவர்களும் முறைவைத்து அளந்தார்கள். எட்டுப் பேரும் ஏறக்குறைய ஒரே கணக்கைச் சொன்னார்கள்; வீங்கித்தான் இருந்தது. அழகமுத்து கயிற்றை விடவில்லை. செவப்பி அவர் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது.

பரிமளம் அழகமுத்துவின் ஒரே மகள். ஐந்து வயது, நோஞ்சான். தினம் ஒரு போத்தல் பால் கொண்டுபோகப் பண்ணைத் துரை அனுமதித்திருந்தார். அழகமுத்து செவப்பியின் பாலை நுரை அடங்குமுன் வீட்டுக்குக் கொண்டு ஓடுவார். மனைவி வேலாயி அதை அடுப்பில் வைக்கப் போனால் தடுப்பார். நெருப்புப் பட்டால் சத்து ஆவியாகிவிடும் என்பது அவர் கட்சி. முந்தின வருஷம் பிள்ளையின் கழுத்தில் கட்டிகள் வந்தன. பிள்ளையைப் பார்த்த வைத்தியர் கண்டமாலை என்றார். ஆடியில் அவள் இறந்துபோனாள்.

கட்டிகள் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் வேலாயி அவளை மலைமேலிருந்த ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக்கு, தன் தாயிடம் கூட்டிப் போயிருந்தாள். அந்தப் பனியில்தான் பிள்ளைக்கு வந்தது என்று முடிவுகட்டிக்கொண்டாள். தண்ணி பிடிக்கும் பீலியில், கடையில், யாரைக் கண்டாலும், நான்தான் கொண்டுபோய்க் கொன்னேன் என்பாள். அதன் பிறகு அவள் தாய்வீட்டுப் பக்கம் போகவில்லை.

செவப்பியைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று உடலைத் திறந்தார்கள். முன்காலைத் தூக்கிப் பிடித்திருந்தவர் அழகமுத்து. தாடைக்கடியில் மஞ்சளாக, கட்டித் தயிர்போல இருந்த முடிச்சுகளை அவரும் பார்த்தார். மாணவர்கள் வரைந்துகொண்டார்கள்.

பிறகு அவர் காலையில் ஒவ்வொரு மாட்டின் தாடைக்கடியிலும் விரல் வைத்துப் பார்த்தே கறந்தார். கொஞ்ச நாளில் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளையும் பிடித்து நிறுத்திக் கழுத்தைத் தடவத் தொடங்கினார். அவர் வருவதைக் கண்டால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். பாலாம்பிகைக்கும் நிம்மதி இல்லை. வைத்தியரின் ஆங்கில வாக்கியம் அவளுக்கு மறந்துபோயிற்று. தன் குரலில் சொன்ன தமிழ் மட்டும், தையல் ஊசியில் நூல் கோக்கும்போதும் காதில் கேட்டது.

ஒரு மத்தியானம் அழகமுத்து கிளாக்கர் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை. வேலாயியின் தாய் படுத்த படுக்கையாம், மகளைக் கேட்கிறாளாம். அந்தப் பனிக்குள் கால் வைக்க மாட்டேன் என்று வேலாயி அசையாமல் இருக்கிறாளாம்.

"நாலு தடவ வாயத் தொறந்தேன் சின்னம்மா. வரல. புள்ளைக்குப் பனியில வந்தது இல்லன்னு அவகிட்ட நீங்க சொல்லுங்க. பால அடுப்புல வைக்க விடாதவன் யாருன்னும் சொல்லிருங்க."