அத்தான் என்று கூப்பிட்டவள்

ஸ்பிரிட் வாசனை வந்தால் எல்லோருக்கும் ஊசி ஞாபகம் வரும், பயம் வரும். எனக்குப் பொறாமை வருகிறது. சிரிக்காதீர்கள். போன வாரம் ஆதம்பாக்கத்தில் மகன் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள், எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுப்பதற்கு. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்துவிட்டு, "லேசா சுருக்குன்னு இருக்கும் ஆன்ட்டி" என்றாள். அவள் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே எனக்குச் சுருக்கென்று இருந்தது. மேபல் அக்காவின் சேலையில் இருந்த வாசனை அது.

மேபல் அக்கா என்று சொல்கிறேனே தவிர, அவள் எனக்கு உடன்பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அத்தை மகள். அவர்கள் இரண்டு பேருக்கும்தான் கல்யாணம் என்று தொட்டிலிலேயே பேசி வைத்திருந்தார்களாம். அவள் நர்ஸ் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. கண்ட ஆம்பிளையைத் தொட்டுக் குளிப்பாட்டுகிற வேலை என்று சொல்லிச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார். அந்த இடத்துக்குத்தான் நான் வந்து சேர்ந்தேன். புருஷனுடைய முறைப்பெண் என்றால் நமக்கு அக்காவோ தங்கையோ ஆகவேண்டும் என்று யார் கண்டுபிடித்தார்களோ, என் வாயால் நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது.

அவள் அவரை "அத்தான்" என்று கூப்பிடுவாள். அதுதான் எனக்குத் தாங்காது. கட்டிய பெண்டாட்டி நான், "என்னாங்க" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிடுவேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அத்தான் தூங்குறாரா?" என்று கேட்டுக்கொண்டு வருவாள். நானும் அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று சமையலறையில் தனியாக இருக்கும்போது ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். யாரோ இன்னொருத்தி வீட்டு நகையைப் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். லஸ் பக்கம் ஒரு சந்தில் எங்களுக்கு ஓட்டு வீடு. டிராம் திரும்புகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அவர் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில், பையின் ஓரத்தில் எப்போதும் ஒரு கறுப்புக் கறை. அந்தக் கறையைத் துவைத்துத் துவைத்தே என் முதல் இரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கை போயிற்று என்று சொல்லலாம். மூன்றாவது வருஷம் நவம்பர் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாளும் இறங்காததால் டாக்டர் வந்து பார்த்தார். டைபாய்டு என்றார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் புரியாது. இப்போது மாத்திரை இருக்கிறது, ஒரு வாரத்தில் எழுந்து ஆபீஸ் போய்விடுகிறார்கள். அன்றைக்கு மருந்தே கிடையாது. இருபத்தொரு நாள் காய்ச்சல் தானாக ஏறித் தானாக இறங்க வேண்டும், நாம் ஜெபித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். பார்லித் தண்ணீர், மோர்த் தெளிவு, சாத்துக்குடிச் சாறு, இவ்வளவுதான் ஆகாரம். கெட்டியாக ஒரு வாய் உள்ளே போகக்கூடாது. காய்ச்சல் விட்ட பிறகும் பத்து நாள் போகவேண்டும். குடல் புண்ணாகிக் கிடக்கும், கெட்டியாக ஏதாவது போனால் ஓட்டை விழுந்து ஆள் போய்விடும் என்று டாக்டர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். நானும் நின்று கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்வதற்கு வழியில்லை.

ஆஸ்பத்திரியில் இடமில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் டாக்டர். மாமியார் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் அவரே ரிக்‌ஷாவில் ஏறிப்போய் மேபல் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கிறிஸ்மஸுக்கு என்று சேர்த்து வைத்திருந்த ஒரு மாத லீவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பெட்டியைக் கீழே வைத்த அரை மணி நேரத்தில் வீடு அவளுடையதாகிவிட்டது. ஜன்னல் திரை மாறியது, கட்டில் இடம் மாறியது. அவருடைய டிராயிங் காகிதத்திலேயே கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டி, காலை, மதியம், மாலை காய்ச்சலை அதில் கோடாக வரைந்தாள். கோடு போடுவது அவருடைய வேலை என்று எனக்குக் கோபம். அவரோ அத்தனை காய்ச்சலிலும் திரும்பிப் பார்த்து, "கோடு கோணலா இருக்கு மேபல்" என்று சிரித்தார். என்னைப் பார்த்து அவர் சிரித்துப் பத்து நாளாகியிருந்தது.

வேலை என்று பார்த்தால் நானும் குறைவாகச் செய்யவில்லை. துணி வேகவைத்தது நான், பார்லி வடிகட்டியது நான், ஐஸ் வாங்கி வந்து மேலே ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவி உடைத்தது நான். ஆனால் எல்லாம் கதவு வரைக்கும்தான். கதவில் அவள் வாங்கிக்கொள்வாள். "நீ போய்க் கொஞ்சம் படும்மா" என்று அன்பாக வேறு சொல்வாள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! தெருவில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கறந்து கொடுக்கிற பால்காரர்கூட, "இன்னாமா, சாருக்கு இப்ப எப்டி கீது? அந்த நர்சம்மா கீறாங்கல்ல, நீ கவலப்படாத" என்றார். அன்றைக்குப் பாலில் தண்ணீர் என்று அவரோடு வீணுக்குச் சண்டை போட்டேன்.

டிசம்பர் மாதம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தெருக்கோடியில் பாட்டுக்கோஷ்டி ஒத்திகை பார்ப்பது கேட்கும். அந்த வருஷம் எங்களுக்குப் புதுத்துணி இல்லை, கேக் இல்லை. ஆனால் குல்குல் இல்லாமல் கிறிஸ்மஸ் வரக்கூடாது என்பது மாமியாரின் சட்டம். ரேஷன் சர்க்கரையை ஒளித்து ஒளித்துச் சேர்த்து வைத்திருந்தோம். மைதா மாவைத் தேங்காய்ப் பாலில் பிசைந்து, சின்ன உருண்டையைப் புதுச் சீப்பின் மேல் அழுத்திச் சுருட்டினால் சங்கு மாதிரி வரும். அதைப் பொரித்துப் பாகில் புரட்டி எடுக்கவேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார்ந்து உருட்டுவதுதான் வழக்கம். காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகியிருந்த தைரியத்தில் உட்கார்ந்தோம். மேபல் அக்கா உருட்டியதெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக இருந்தது. என்னுடையது மிதிபட்ட புழு மாதிரி இருந்தது. மாமியார் இரண்டு தட்டையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எண்ணெய் வாசனை அவர் படுத்திருந்த அறைக்குப் போயிருக்கிறது. மறுநாள் நான் கதவுக்கு வெளியே நிற்கும்போது அவர் கெஞ்சுவது கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு குடு மேபல். வாயில வச்சுட்டுத் துப்பிடறேன்."

"ஒரு வாரம் போகட்டும் அத்தான். நானே ஊட்டி விடறேன்."

ஊட்டி விடுகிறாளாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கேட்டதுகூடத் தப்பில்லை. என்னிடம் கேட்காமல் அவளிடம் கேட்டாரே, அதுதான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் மேபல் அக்கா சர்ச்சை அலங்கரிக்கப் போனாள். மாமியார் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சின்னத் தட்டில் ஆறு குல்குல் எடுத்து வைத்தேன். எல்லாம் நான் உருட்டியவை, அதையும் பொறுக்கித்தான் எடுத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஊட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தாடை எலும்பு ஏறி இறங்குவது தெரிந்தது. "நீதான்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் செய்திருப்பேன், செய்தும் விட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வெகு நாளைக்கப்புறம் பூ வைத்துக்கொண்டேன்.

மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். மாலைக்குள் காய்ச்சல் நூற்று மூன்று. மேபல் அக்கா வந்து வயிற்றில் கை வைத்தவள், தலையணையில் விரலை ஓட்டினாள். விரல் நுனியில் சர்க்கரை ஒட்டியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன குடுத்த?"

"நான் ஒண்ணும் குடுக்கல."

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. டாக்டர் வந்தார், மாமியார் தலைமாட்டில் நின்றார். "யார் இந்த வேலை பார்த்தது?" என்று டாக்டர் கத்தினார். சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன், கர்த்தர் அறிய. அதற்குள் மேபல் அக்கா, "நான்தான் டாக்டர். ரொம்பக் கெஞ்சினார்" என்றாள்.

டாக்டர் அவளைத் திட்டியதை நான் எழுதமாட்டேன். நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லையா என்பதில் ஆரம்பித்தது. மாமியார், "எம் புள்ளைய உனக்குக் கட்டலன்னு பழி தீர்த்துக்க வந்தியாடி? இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!" என்றார். அப்போது கட்டிலில் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். அவள் லேசாக, வேண்டாம் என்கிற மாதிரி, தலையை அசைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. என் புருஷன் உயிர் ஊசலாடுகிறது, என்னால் ஊசலாடுகிறது, நானோ அந்த ஒரு பார்வையில் எனக்குப் பங்கில்லை என்று நின்று வெந்துகொண்டிருந்தேன்.

அவள் பெட்டியில் சேலையை மடித்து வைத்துக்கொண்டே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நாடி எப்படி எண்ணுவது, வயிறு பலகை மாதிரி விறைத்தால் யாரை ஓடிப்போய்க் கூப்பிடுவது, எல்லாம்.

"ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உன் பேரச் சொன்னா அத்தை இன்னைக்கே உன்ன உங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் அத்தான யாரு பார்த்துக்குவா?"

அப்போதும் அத்தானுக்காகத்தான். எனக்காக என்று ஒப்புக்காவது சொல்லியிருக்கக்கூடாதா?

கிறிஸ்மஸ் அன்று நாங்கள் யாரும் சர்ச்சுக்குப் போகவில்லை. மணியடிக்கும்போது நான் அவர் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். "அவரை எடுத்துக்கொள்ளாதே, மேபலிடம் வேண்டுமானால் கொடுத்துவிடு" என்றுகூட ஒரு நேரம் ஜெபித்தேன். நாலாம் நாள் வலி நின்றது. பிறகு காய்ச்சல் இறங்க ஆரம்பித்ததும் அந்த ஜெபத்தின் பின்பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். குடல் ஓட்டை விழவில்லை, தப்பித்தார். அதன் பிறகு நாற்பது வருஷம் இருந்தார், நிறையக் கோடு போட்டார். அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. மாமியார் மேபல் அக்காவைச் சபித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

அவர் இறந்த அன்றைக்கு மேபல் அக்கா வந்து கடைசி வரிசையில் நின்றாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தாள். அடக்கம் முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும் அக்கா" என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

"விடும்மா. அத்தான் அந்த ஈஸ்டருக்கே எங்க நர்ஸ் ஹாஸ்டலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு" என்றாள்.

எனக்குத் தெரியாது. அப்போதுதான் மண்ணைப் போட்டுவிட்டு வந்திருந்தேன், திரும்பிப் போய் அவரை எழுப்பிச் சண்டை போடவேண்டும் போலிருந்தது.

டிராம் போய்விட்டது. சந்து வீடு இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது, வாசலில் காவலாள் உட்கார்ந்துகொண்டு யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறான். யாரைச் சொல்வது? அவரை இருபத்தொன்பது வயதில், பென்சில் கறைச் சட்டையோடு பார்த்த ஆள் கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போவேன். அவரைப் பற்றிப் பேசுவோம். அவர் எட்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்த கதையெல்லாம் அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை. கேட்டுவிட்டு வயிற்றெரிச்சலோடு பஸ் ஏறுவேன், அடுத்த ஞாயிறு திரும்பவும் போவேன்.

போன வருஷம் கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது மேபல் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். பெட்டியை மூடும்போது நான் அழுத அழுகையைப் பார்த்து, கூடப்பிறந்தவள்கூட இப்படி அழமாட்டாள் என்று சர்ச் ஜனங்கள் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். எனக்கு முன்னால் அவரிடம் போய்விட்டாளே என்றுதான் அழுதேன்.