மைக்கை அணைத்துவிட்டு விளையாடுபவர்கள்

இதையெல்லாம் எழுதுவதா என்று கூச்சமாகத்தான் இருக்கிறது, மன்னியுங்கள்.

எங்கள் கம்பெனியின் கேம் கன்சோல் ஜப்பானில் மட்டும் சரியாக விற்பதில்லை. இன்று அமெரிக்காவில், எங்கள் சான்டா கிளாரா ஆபீஸில் சாப்பிடும்போது, மேனேஜர் கார்த்திக் அதையே புலம்பினார்.

"சைஸ் குறைச்சாச்சு, விளம்பரமும் பண்ணியாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?"

சேர்ந்து எட்டு மாதத்தில் முதல்முறையாக வாய் திறந்தேன்.

"ஆன்லைன்ல கேம் ஆரம்பிச்சதுமே மைக் ஆன் ஆயிடுது. முன்பின் தெரியாதவங்ககிட்ட எப்படிப் பேசுவாங்க? நானே ஆஃப் பண்ணிட்டுத்தான் விளையாடுவேன்."

"அடடா, நீங்க பேசுவீங்களா!" என்று சிரித்தார். பிறகு யோசித்தார். "சரி, ஆஃப்லயே வச்சு டெஸ்ட் பண்ணுவோம். நீங்களே நடத்துங்க."

வெள்ளிக்கிழமை டெஸ்ட். ஜப்பானில் இருக்கும் நண்பர்கள் யாராவது ஒரு மணி நேரம் என்னோடு விளையாட வருவீர்களா?

பேச வேண்டியதில்லை.