புகைக்குழாய் வாங்கப் போன சனிக்கிழமை

என் கணவருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது என்று பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அவர் முதலில் சரிசெய்ய நினைத்தது தன் காரின் புகைக்குழாயை.

பாசிர் கூடாங் துறைமுக ஊரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் தொட்டிகளைக் கழுவும் பிரிவில் இருந்தார் அவர். பக்கத்து ஊரான மாசாயில் எங்களுக்கு ஒரு வரிசை வீடு. பிள்ளைகள் இல்லை. வேலைக்கு அவர் மோட்டார் சைக்கிளில்தான் போவார்; நான் என் வேலைக்குப் பேருந்தில். ஜப்பானிலிருந்து வந்த பழைய டர்போ கார் ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு அடியிலேயே கிடப்பார். வேகம் கூடட்டும் என்று, புகையைச் சுத்தம் செய்யும் ‘கேட்’ என்ற பாகத்தை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டு, வெறும் நேர்க்குழாயை மாட்டியிருந்தார். காரைக் கிளப்பினால் எரியாத பெட்ரோலின் வாடை வீட்டுக்குள் வந்து தங்கிவிடும். எதிர்வீட்டு அக்கா படார் என்று ஜன்னலைச் சாத்துவார்.

நோய் வந்த பிறகு அந்த வாடை அவருக்கே ஆகவில்லை. ஒரு காலை காரைக் கிளப்பிவிட்டு, சத்தம் கேட்பதற்காகப் பின்பக்கம் போனவர், இருமி இருமித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

“வித்துடலாங்க,” என்றேன்.

மூச்சு நிதானத்துக்கு வரும்வரை பொறு என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “விக்க வேணாம்மா. ஹை ஃப்ளோ கேட் போடலாம்,” என்றார்.

“அப்படின்னா?”

“ஒரிஜினல் கேட் புகைய நல்லா சுத்தம் பண்ணும், ஆனா வண்டிய இழுத்துப் பிடிக்கும். இதுல ஓட்டை கொஞ்சம் பெருசு. வேகமும் இருக்கும், வாடையும் அடங்கும்.”

“இந்த நிலைமையில உங்களுக்கு வேகம்தான் கேக்குதா?”

கத்திவிட்டேன். அவர் உள்ளே போய் முகம் கழுவினார்.

ஆனாலும் அந்தச் சனிக்கிழமை கூடவே போனேன். உலு திராம் போகும் சாலையில் இருந்தது அந்த எக்ஸாஸ்ட் கடை. நடத்துகிறவர் தமிழர்; இவருக்குப் பழக்கமானவர். இவர் இளைத்துப்போயிருந்ததைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு, மூன்று குழாய்களை மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் தேனடை போல உலோகக் கண்கள்.

“இது நூறு செல், இது இருநூறு, இது முந்நூறு. கண்ணு கூடக் கூடப் புகை சுத்தம், வேகம் கம்மி. உங்க வண்டிக்கு நூறு போடுங்கண்ணே. சும்மா பறக்கும்.”

அவர் ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உள்ளே விரல் விட்டு, பற்றவைத்த இடத்தில் பிசிறு இருக்கிறதா என்று தடவினார். சென்சார் மாட்டும் துளையைத் தன் பழைய குழாயின் அளவோடு ஒப்பிட்டார். மூன்றாவது குழாய் அவர் கையிலிருந்து சரியப் பார்த்தது. தாங்கிப் பிடிக்க நான் எழுந்தேன். கடைக்காரர் வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

“முந்நூறு போடு,” என்றார் இவர்.

“அலமாக்! பவர் கொஞ்சம் அடிபடும்ணே.”

“படட்டும். பின்னாடி நிக்கிறவனும் மூச்சு விடணும்லா.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் தன்னை மட்டும் சொல்லவில்லை என்று. எதிர்வீட்டு அக்காவின் ஜன்னல் அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

காரை மேலே தூக்கினார்கள். வழக்கமாக அவரே அடியில் போய் நின்று பார்ப்பார். அன்று முடியவில்லை. “நீ போய்ப் பாரு,” என்றார். நான் புடவையைச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் நின்றேன். அவர் நாற்காலியிலிருந்து கேட்டார்: “வெப்பத் தகடு உரசுதா? கேஸ்கெட் புதுசா? ஒயரு குழாயத் தொடாம போகுதா?” ஒயர் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. சொன்னேன். கடைக்காரர் அதை விலக்கிக் கட்டினார். “நல்ல கண்ணு உனக்கு,” என்றார் இவர். பல நாளைக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

திரும்பும்போது ஓட்டச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்தார். லைசென்ஸ் இருந்தும் அந்தக் காரை நான் அதுவரை ஓட்டியதே இல்லை. வீட்டுப் பக்கம் திருப்பாமல் நெடுஞ்சாலையில் ஏறச் சொன்னார். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். சத்தம் முன்போல அலறவில்லை. அடித்தொண்டையில் பேசுவது போல இருந்தது. “மூணாவது கியர்ல வச்சு மிதி,” என்றார். மிதித்தேன். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. பயத்தில் காலை எடுத்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் நிறுத்தினோம். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறங்கிக் காரின் பின்னால் போய் நின்றார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். புகையை மூச்சில் இழுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து இருமத் தொடங்கினார். பதறிப்போய் இறங்கி ஓடினேன். வாடை அடிக்கவே இல்லை.

“வண்டி சரியாதான் இருக்கு,” என்றார், என் தோளைப் பிடித்துக்கொண்டு. “இது நான்தான்.”

அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய தம்பி வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணி, வண்டிய நான் எடுத்துக்கவா? நேர் பைப் போட்டு ஓட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆச.”

“பைப்ப மாத்துறதா இருந்தா தர மாட்டேன்,” என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகப் பட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரிங்க அண்ணி, அப்ப நீங்களே ஓட்டுங்க,” என்றார். வாளியில் தண்ணீர் பிடித்து, பல வாரத் தூசு போகக் காரைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனார். மறுவாரம் திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். முதல் கியரிலேயே இரண்டு தடவை எஞ்சின் நின்றுவிட்டது.