இடது பக்கத்துப் பெட்டி

அடுப்படியிலிருந்து இரண்டு முறை கை தட்டும் சத்தம் வந்தால் அம்மா என்னைக் கூப்பிடுகிறாள் என்று அர்த்தம், ஒரு முறை மட்டும் வந்தால் அப்பாவை. கையில் மாவு ஒட்டியிருந்தால் சத்தம் மொத்தையாக வரும், ஈரக் கையாக இருந்தால் சுரீரென்று தெறிக்கும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷத்தின் மழைக்காலம் முழுவதும் துடியலூரில் எங்கள் வீட்டில் அம்மாவின் பேச்சு அவ்வளவுதான். இன்றைக்கும் பேருந்திலோ கல்யாண மண்டபத்திலோ யாராவது எதற்காகவோ இரண்டு முறை கை தட்டினால் நான் பாதி எழுந்துவிடுகிறேன்.

அதற்கு முந்தைய கோடையில் அம்மாவின் கழுத்தில் இருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். கட்டி நல்லபடியாகப் போய்விட்டது, போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. குரல் நரம்பு ஒன்று அசையாமல் கிடப்பதாகவும், பேசிப் பேசிப் பழக்கினால் பாதியாவது திரும்பும் என்றும், பேசாமலே விட்டுவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் அம்மா வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பால்காரர் ஒருநாள் நல்லெண்ணத்தோடு, "சளி புடிச்சுக்குச்சுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அந்தக் காற்றையும் நிறுத்திக்கொண்டாள். தேவாலயத்தின் பாடற்குழுவை வருஷக்கணக்காக நடத்திய ஒருத்திக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பாட்டு தொடங்கும்போது செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொள்வாள்.

அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டினார். அவருக்குப் பாட வராது, கேட்கத்தான் வரும். கூடத்தின் இரண்டு மூலைகளிலும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு பிளைவுட் ஸ்பீக்கர் பெட்டிகள், நடுவில் மேசைமேல் ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு டேப்; எல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டில் "செட்டு". கூட்டிப் பெருக்கும்போது யாராவது பெட்டிகளை நெருக்கி வைத்துவிட்டால் அவருக்குக் கோபம் வரும். "பாடறவங்க தள்ளித் தள்ளி நின்னுதான பாடியிருக்காங்க, எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டுனாப்பல கேக்கலாமா?" என்பார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரும் செட்டைத் தொடவில்லை. பாட்டு இல்லாத வீட்டில் கைதட்டல் இன்னும் பெரிதாகக் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் சிடி வந்து சேர்ந்தது. அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பு பாடற்குழு முழுவதும் நகரத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பாடிவிட்டு வந்திருந்தது. கேசட்டாக வெளியிடுவதாக ஏற்பாடு. கூடத்துக்காரருக்கும் குழுவுக்கும் ஏதோ மனத்தாங்கல், கேசட் வரவேயில்லை. கம்ப்யூட்டரில் பதிந்த சிடி இரண்டை மட்டும் கடைசியில் கொடுத்தனுப்பினார். ஒன்றை, மாற்றலாகிப் போன போதகர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழுவை நடத்தியவள் என்பதால் இன்னொன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மாவின் குரல் உலகத்தில் மிச்சமிருந்தது அந்த இரண்டு தட்டுகளில்தான், அதைப் பாட வைக்கும் சாமான் எங்கள் வீட்டில் இல்லை.

தன் குரலைத் தானே கேட்டால் அம்மா மறுபடி வாயைத் திறப்பாள் என்று அப்பா நம்பினார். அவருடைய அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "இருக்கற வேதனை பத்தாதா தம்பி? அவளே மறந்துபோட்டு இருக்கறா, நீ எதுக்கு அதைக் கேக்க வெச்சு அழ வெக்கறே?" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். அம்மாவைக் கேட்டபோது தோளை லேசாக உயர்த்தினாள். எங்கள் பக்கம் "உங்க இஷ்டமுங்க" என்றால் சம்மதமாகவும் இருக்கும், மறுப்பாகவும் இருக்கும், இந்தப் பேச்சை இதோடு விடு என்பதாகவும் இருக்கும். குரலோடு சொன்னாலாவது எதென்று கண்டுபிடிக்கலாம், தோளை வைத்துக்கொண்டு என்ன செய்வது. வீட்டில் மூன்று பேரும் எதன்மேலாவது இடித்துவிடுவோமோ என்பது போல ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம்.

பிளேயர் வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் வீதியே யோசனை சொல்ல வந்துவிட்டது. மூன்று சிடியை ஒரே சமயத்தில் போடுவதை வாங்கச் சொன்னார் ஒருவர். பெட்டியோடு சேர்ந்து வருவதை வாங்கிப்போட்டு இந்தப் பழைய பெட்டிகளைத் தூக்கி எறியச் சொன்னார் இன்னொருவர். அப்பாவுக்கு வேண்டியதோ வெறும் பிளேயர், பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வயர் செருகி ஆம்ப்ளிபயரில் சேர்க்கிற மாதிரி, ஆஸ்பத்திரி செலவு போக மிஞ்சியதற்குள் அடங்குகிற மாதிரி. மலிவாக இருக்க வேண்டும், ஆனால் பெயர் உள்ள கம்பெனியாக இருக்க வேண்டும். அம்மா குரலைக் கண்ட சாமானில் போடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

காந்திபுரத்தில் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு கடைக்கு அவரும் நானும் போனோம். சிடி என் மடியில் துண்டுக்குள் இருந்தது. வாங்குவதற்கு முன் அதைப் போட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று அப்பா பேருந்தில் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்க வாங்க, உக்காருங்க, எந்தூருங்க?" என்று கேட்டு, துடியலூர் என்றதும், "எங்க பெரியம்மா ஊடும் அங்கதானுங்க" என்று முகம் மலர்ந்து, உடனே காப்பிக்கு ஆள் அனுப்பினார். எங்கள் ஊர்க்காரர்களைத் தோற்கடிக்க ஒரு டம்ளர் காப்பி போதும். ஒரு மனுஷன் காப்பி வாங்கிக் கொடுத்த பிறகு அவருடைய சாமானைச் சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்ப்பது எங்களைப் பொறுத்தவரை அவருடைய குடும்பத்தைச் சந்தேகப்படுவது மாதிரி. "பாடுமுங்களா?" என்று அப்பா கேட்டார். "பாடாம என்னங்க? சூப்பரா பாடுமுங்க" என்றார் அவர். பட்டறையில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சாமானைத் திருப்பிப் போடுகிற அப்பா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு எழுந்தார். நான் துண்டை அவர் பக்கம் நீட்டினேன். அவர் பார்க்காதது போல நடந்தார்.

வீட்டில் வயர்களைச் செருகி, பிளேயர் நாக்கை நீட்டியதும் சிடியை வைத்து உள்ளே தள்ளினார். அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றாள். உள்ளே ஏதோ சுழலும் சத்தம், பிறகு ஒரு தயக்கம், பிறகு பச்சை எழுத்தில் "நோ டிஸ்க்". மறுபடி எடுத்து வைத்தார். மறுபடி அதுவே வந்தது. துடைத்து வைத்தார், மெதுவாகத் தள்ளினார், அழுத்தித் தள்ளினார். சோதிக்கவென்று கடைக்காரர் இனாமாகக் கொடுத்த சிடியைப் போட்டபோது அந்தப் பிளேயர் இரண்டு பெட்டிகளிலும் அமர்க்களமாகப் பாடியது. அப்படியானால் கோளாறு அம்மாவின் சிடியில். அதில் ஒன்றுமே பதியவில்லையோ, இல்லை கெட்டுப்போய்விட்டதோ என்று எனக்குப் பயம் வந்தது, கேட்க தைரியம் வரவில்லை. அப்பாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. அம்மா வந்து சிடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, உறைக்குள் போட்டாள். முகத்தைப் பார்த்து எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பா பிளேயரைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வாரேன்" என்றாள். காற்றுத்தான். ஆனாலும் பல வாரங்களுக்குப் பிறகு வாயிலிருந்து வந்த சொல் அது. அப்பா கயிற்றை முடிச்சுப் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

கடையில் மறுபடியும் அதே உபசாரம். "மாத்திக்கலாமுங்க, அதுக்கென்னங்க" என்று கடைக்காரர் சொன்னார், ஆனால் எழுந்திருக்கவில்லை. "சிரமம் குடுக்கறமுங்க" என்று அப்பா சொன்னார், ஆனால் விஷயத்துக்கு வரவில்லை. "உங்க சிடிலதானுங்க ஏதோ..." என்று இழுத்தார் அவர். "இருக்குமுங்க" என்று ஒத்துக்கொண்டார் இவர். இப்படி ஒருவர் மேல் ஒருவர் ங்க போட்டுக்கொண்டே இருந்ததில் சிடி என் மடியிலேயே கிடந்தது. இரண்டு பேரும் இப்படியே விடைபெற்றுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அழுகை முட்டியது. அப்போது காப்பி வந்தது.

அம்மா தனக்கு நீட்டிய டம்ளரை வாங்கவில்லை. கையால் லேசாக ஒதுக்கி மேசைமேல் வைத்தாள். வந்த இடத்தில் கொடுத்த காப்பியைத் தொடாமல் வைப்பது எங்கள் பக்கம் சாதாரணக் காரியம் இல்லை. சம்பந்தம் முறியும்போது செய்வது. கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. "காப்பி வேண்டாமுங்க. சிடியப் போடுங்க" என்றாள் அம்மா. காதில் விழாமல் அவர் மேசைமேல் குனிந்தார். அவள் மறுபடி சொன்னாள்.

அதன்பிறகுதான் அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, கடையின் ஆம்ப்ளிபயரில் செருகி, எங்கள் சிடியைப் போட்டார். பெயர் உள்ள கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக "நோ டிஸ்க்" என்றன. ஒன்று மட்டும் கொஞ்சம் சுழன்று, பாடப் போவது போல ஒரு கணம் ஏமாற்றி, நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை அந்த நாக்கு உள்ளே போய் வெளியே வரும்போதும் கீறல் விழுந்திருக்குமோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போதும் எழுந்திரு என்று அப்பா கண்ணால் சொன்னார். அம்மா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

கடைசியில் கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "பரண்ல ஒரு விசிடி பிளேயர் கெடக்குதுங்க. கம்பெனி பேரே இல்லாத சாமானுங்க. உங்களுக்குக் குடுக்க எனக்கே சங்கடமா இருக்குது" என்றார். தூசி தட்டி இறக்கிய அது தகரம் மாதிரி லேசாக இருந்தது, நாக்கு கோணலாக நீண்டது. கம்ப்யூட்டரில் பதிந்த சிடியை அந்தக் காலத்து நல்ல பிளேயர்கள் பலவும் ஏற்றுக்கொள்ளாது, படம் பார்ப்பதற்கென்று வந்த மலிவுச் சாமான்கள் எதையும் வாங்கிக்கொள்ளும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் அதன் முகப்பில் ஒரு எண் வந்து நின்றதைத்தான். பிறகு ஒரு இரைச்சல், ஆர்மோனியம், பிறகு பாடற்குழு.

அம்மா எழுந்து போய், கடையின் இடது பக்கத்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். பதிவின்போது இடது ஓரத்து மைக்கின் அருகே நின்றது அவள்தான் என்பதால் அந்தப் பக்கம் மட்டும், மற்றப் பெண்களின் உயரமான குரல்களுக்கு அடியில், கட்டையாக, நிதானமாக ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று தெரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. அப்பா தரையைப் பார்த்தபடி இருந்தார். அம்மா அழுவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. பாடியதே போதும் என்ற நிம்மதியில், "யாருங்க இது, இந்தப் பக்கம் கட்டையாப் பாடறவங்க? நல்லாப் பாடறாங்களே" என்றார்.

அம்மாவின் உதடு அசைந்தது. "என்னங்க?" என்று அவர் பாட்டின் சத்தத்துக்கு மேல் கேட்டார். அம்மா நிமிர்ந்து, கழுத்துத் தழும்பின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, "நானுங்க" என்றாள். காற்றோடு காற்றாக, துருப்பிடித்த கதவு திறப்பது மாதிரி, ஒரு துளி சத்தமும் வந்தது. கடைக்காரர் போய்ப் பாட்டைக் கொஞ்சம் குறைத்தார். அம்மா அந்த ஆறிய காப்பியை எடுத்துக் குடித்தாள்.

அந்தப் பேரில்லாத பிளேயர் பல வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது. நான் பள்ளியிலிருந்து வரும்போது அம்மா இடது பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதில் ஓடும் தன் குரலின் பின்னாலேயே முனகிக்கொண்டிருப்பாள், முனகல் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சானது. பாட்டு மட்டும் திரும்ப வரவேயில்லை.

இப்போது அப்பா இல்லை. பெட்டிகளைக் கரையான் தின்றுவிட்டது, பிளேயர் எந்தப் பழைய இரும்போடு போனதென்று தெரியவில்லை, காந்திபுரத்துக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். போன மாதம் அந்தப் போதகரின் மகன், அவர்களிடம் இருந்த சிடியிலிருந்து எடுத்த பாட்டுகளை எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார். நல்ல மனசுதான், ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிட்டார்; காதில் மாட்டிக் கேட்டாலும் எல்லாக் குரலும் ஒரே மூட்டையாகத்தான் வருகிறது. அம்மா போனை இந்தக் காதிலும் அந்தக் காதிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க இருக்கறேன்னே தெரியலயே கண்ணு" என்றாள். அவர்களிடம் இருந்த சிடியைக் கேட்டதற்கு, வேலை முடிந்ததென்று எறிந்துவிட்டார்களாம்.

எங்களுடைய சிடியை எடுத்துக்கொண்டு நான் உக்கடத்துப் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். புதிதாக வரும் சிடி பிளேயரெல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாத விலையில் இருக்கிறது. பழைய பிளேயர்களைப் பரப்பி வைத்திருந்த கடைக்கார பாய் எனக்கு ஸ்டூலைப் போட்டு, "டீ சாப்பிடுங்க" என்றார். "முதல்ல சிடியப் போட்டுப் பாத்தர்லாமுங்க பாய், அப்புறம் குடிக்கறேன்" என்றேன். அவர் முகம் வாடாமல் ஒவ்வொன்றிலும் போட்டுக் காட்டினார், மலிவான விசிடி பிளேயர் உட்பட. எதுவும் படிக்கவில்லை. கடைசியில் அவர் சிடியை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "உள்ளே பூச்சு போயிருச்சும்மா. இனி எதுலயும் பாடாது" என்றார்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தினேன், பிறகு கூடத்தில் வந்து நின்றேன். அம்மா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "பாடலயா? போச்சாது, உடு கண்ணு. அதான் பேசறேனே" என்றாள். கரகரவென்றுதான் சொன்னாள், கூடத்தில் நின்ற எனக்குக் கேட்டது.