முதல் ஆளின் கையெழுத்து

சூசைதாசனுக்கு மூட்டுவலி. நடக்கச் சொன்னார் வைத்தியர். சும்மா நடக்க எனக்கென்ன விசரா என்று திரிந்தவருக்கு, தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் ஒரு ஜெர்மன்காரர் காட்டிக் கொடுத்ததுதான் ஜியோகேச்சிங். யாரோ ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்து வைப்பார். அது இருக்கும் இடத்தைக் கைபேசி ஏறக்குறையக் காட்டும். தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரெழுதி, இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். புதுப் பெட்டியில் முதல் ஆளாகக் கையெழுத்து வைப்பவருக்குத்தான் மரியாதை.

பேச்சுத் துணைக்கென்று மனைவி வெரோனிக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் மனிதர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

வெரோனிக்கா பீலெஃபெல்ட் நகரத்தில் கம்பனிக் கந்தோர்களைத் துப்புரவாக்குபவள். இருபது வருடமாக அலமாரிக்குப் பின்னும் ஹீற்றருக்குக் கீழும் கைவிட்டுப் பழகியவள். சூசைதாசன் கைபேசியைத் திருப்பித் திருப்பித் திசை பார்த்துக்கொண்டு நிற்க, அவள் பூங்காவில் ஆட்கள் இருக்கிற வாங்கு ஒன்றின் அடியில் கையை விட்டு, “இஞ்சாருங்கோ, இதுவோ?” என்பாள். அதுவாகத்தான் இருக்கும். ஒருமுறை என்றால் சிரிக்கலாம். மூன்று வருடமாக இதே கதை. பதினொரு பெட்டிகளில் அவள் முதல் ஆள். அவர் ஒன்றிலும் இல்லை. பெட்டி தேடுபவர்கள் கூடும் இடத்தில் எல்லாரும் அவளுக்குக் கைகொடுத்துவிட்டு, “நீங்கள் வெரோனிக்காவின் கணவரா?” என்று இவரிடம் கேட்பார்கள். விளையாட்டைத் தொடக்கியவரே இவர்தான்! கட்டிய மனைவிமேல் ஒருவனுக்குப் பொறாமை வருமா என்று கேட்பவர்கள் சூசைதாசனைப் பார்த்ததில்லை. அவருக்கு வயிறு எரிந்தது. அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே எரிந்தது.

கடந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறரைக்கு, இரண்டு கைபேசிகளும் ஒன்றாகக் கத்தின. நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில், எழுநூறு வருடப் பழைய கிறிஸ்தவக் கற்கோயில் ஒன்றில் புதுப் பெட்டி. ஒளித்தவரின் பெயர் இதுவரை கேள்விப்படாத பெயர். வெரோனிக்கா குளித்துக்கொண்டிருந்தாள். சூசைதாசன் செய்த வேலையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவளுடைய கைபேசியை எடுத்து அந்தச் செய்தியை அழித்தார். அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனதும் காரை எடுத்தார். அவளுடைய கைபடாத ஒரு கொப்பியில் முதற் பெயராகத் தன் பெயர், ஒரே ஒரு தடவை. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம்.

கோயிலடியில் ஒருவரும் இல்லை. புரட்டஸ்தாந்துக் கோயில்தான், ஆனாலும் பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். மதிற்கற்களின் இடுக்கு, மரப்பொந்து, கல்லறைத் தோட்டத்தில் பூவாளிகள் தொங்கும் கம்பி என்று முக்கால் மணித்தியாலம் தடவினார். கிடைக்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, கைபேசியில் இருந்த துப்பைத் திறந்தார். ‘சப்பாத்துக் கழற்றும் இடம்’ என்று ஜெர்மனில் எழுதியிருந்தது.

இந்த நாட்டில் யார் கோயிலுக்குச் சப்பாத்துக் கழற்றுகிறார்கள்? வேறு யாருக்கும் மண்டை காய்ந்திருக்கும். மன்னாரில் பிறந்தவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஊரில் மடு மாதா கோயிலில் செருப்பை எந்தப் பக்கம் கழற்றி விடுவாரோ அந்தப் பக்கம், படிக்கு இடப்புறம், கால் தானாகப் போனது. அங்கே அந்தக் காலத்து விவசாயிகள் சப்பாத்துச் சேறு வழித்த இரும்புத் தகடு ஒன்று சுவரோடு பதித்திருந்தது. அதன் பின்னால் ஒரு கல் ஆடியது. கல்லுக்குப் பின்னால் பெட்டி.

கொப்பியில் ஒரு பெயரும் இல்லை. ‘சூசைதாசன், 8.50’ என்று எழுதினார். துள்ளவேண்டும் போல இருந்தது, மூட்டு விடவில்லை.

பெட்டியை மூடப் போகும்போதுதான் மணம் மூக்கில் அடித்தது. வறுத்த கறித்தூள். எத்தனை தரம் கழுவினாலும் போகாத மணம். மூடியைத் திருப்பிப் பார்த்தார். ஓரம் உருகியிருந்தது. போன வருடம் அதைச் சுடுகிற அடுப்பில் வைத்து உருக்கியவர் அவரேதான். எசன் நகரத்தில் இருக்கும் வெரோனிக்காவின் அக்கா தூள் அனுப்புகிற பெட்டி அது.

தோற்ற நாட்களில்கூட இப்படி எரிந்ததில்லை. வெற்றியையும் அவள்தான் பார்த்துப் போட்டிருக்கிறாள், பிச்சைபோல! எழுதிய தாளைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். பெட்டியைக் கல்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர, நாயோடு ஒரு தாடிக்காரர் கைபேசியைப் பார்த்தபடி வந்தார்.

“கிடைத்ததா?” என்று கேட்டார் அவர்.

“இல்லை,” என்றார் சூசைதாசன்.

மத்தியானம் வெரோனிக்கா வேலை முடிந்து வந்தாள்.

“கோயிலடியில ஒரு பெட்டி தேடப் போனன். கிடைக்கேல்லை,” என்றார். அவளுடைய முகம் வாடுவதைப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது. வாடியது.

“கிடைக்கேல்லையோ? படிக்கு இடப்பக்கம் பாக்கேல்லையோ நீங்கள்?” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சூசைதாசன் கிழித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். “பாத்தனான். உன்ர பெட்டியில எனக்கு என்ன வெற்றி?”

அவள் அந்தத் தாளைக் கையில் எடுத்து, பெயரையும் நேரத்தையும் வாசித்தாள். பிறகு கைபேசியைத் திறந்தாள். முதல் ஆள் என்று தாடிக்காரரின் பெயர் ஏறியிருந்தது, ஒன்பது மணி ஐந்துக்கு. நாயும் படத்தில் நின்றது. அதைக் கண்டதும் சூசைதாசனுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. இந்தமுறை அவளைக் குற்றம் சொல்ல வழியில்லை.

“பெட்டி வைக்க விடச்சொல்லிப் போதகரிட்ட மூண்டு தரம் போய்க் கேட்டு ஓம் எண்ட வைச்சு, வேறை பேரில போட்டனான்,” என்றாள் வெரோனிக்கா. “என்ர போனில வாற செய்தியை நீங்கள் அழிப்பீங்கள் எண்டும் தெரியும். அழிக்கட்டும் எண்டுதான் அதை மேசையில விட்டிட்டுக் குளிக்கப் போனனான். இனி என்ன செய்ய? அந்த மனிசனுக்கோப்பா நான் அதை ஒளிச்சனான்?”