தறிக்குழியில் வளர்த்த செடி

இருபத்து நான்கு வயதாகியும் எனக்கென்று ஒரு ரகசியம்கூட இல்லை என்பது ஒருநாள் உறைத்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு ஒரே நீளக் கூடம். முன்னால் தறி, பின்னால் அடுப்பு, நடுவில் நாங்கள். நான் தும்மினால் மூன்றாவது வீட்டில் நூறு ஆயுசு சொல்வார்கள். காதலை ரகசியமாக வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கு இன்னொரு ஆளும் சம்மதிக்க வேண்டும். செடிக்குச் சம்மதம் தேவையில்லை. நான் கஞ்சா வளர்க்க முடிவெடுத்ததற்கு இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

இழுக்கிற ஆசையால் செய்ததல்ல. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் இழுத்திருக்கிறேன். ஏனாத்தூர் பக்கம் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்த நண்பனுடைய பாயிலேயே வாந்தி எடுத்து, அந்தப் பாயை நானே கழுவிக் காயப்போட்டு விட்டு வந்தேன். அவன்தான் பிறகு ஒரு காகித மடிப்பில் நாலு விதை கொடுத்தான். உன்னால் புதினாவே வளர்க்க முடியாது என்று ஆசீர்வாதமும் செய்தான். மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்ததைத் தைரியம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது அது வெறும் சோம்பல். அடுத்த அடியை யோசிக்கச் சோம்பல்.

இடம் வீட்டிலேயே இருந்தது. எங்களிடம் முன்பு இரண்டு தறிகள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கம்பெனி வேலைக்குப் போனதும் அவருடைய தம்பி தனிக்குடித்தனம் போகும்போது ஒரு தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற குழியை அவரால் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. இடுப்பளவு ஆழம். யாரும் விழாமல் இருக்க மேலே பலகை போட்டிருந்தோம். உள்ளே எப்போதும் ஈரம், எப்போதும் இருட்டு. ஈரம் செடிக்கு நல்லது. இருட்டுக்குத்தான் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து விஷயத்தைக் கற்றேன். செடிக்கு சிவப்பும் நீலமும் போதும், பச்சை வெளிச்சத்தை அது பெரிதாகச் சட்டை செய்வதில்லை என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுகிற கடையில் ஒரு மயில் போர்டு உடைந்து கிடந்தது. எல்.ஈ.டி. பல்புகள் அப்போதுதான் அந்த போர்டுகளில் வர ஆரம்பித்திருந்தன. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார் கடைக்காரர். மயிலின் கழுத்தில் நீலம், கொண்டையிலும் ஓரத்திலும் சிவப்பு, தோகை முழுக்கப் பச்சை. தோகையைப் பிடுங்கி ஒதுக்கி வைத்தேன். மிச்சத்தை ஒரு பலகையில் பற்றவைத்து, மாமாவின் பழைய ஸ்கூட்டர் பேட்டரியில் இணைத்தேன். சரிகை சுற்றி வருகிற பளபளப்புக் காகிதத்தைக் குழியின் சுவரில் ஒட்டினேன். ஒரு சினிமா டிக்கெட் காசுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னுடைய படிப்பு பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் அது.

நாலு விதையில் ஒன்று முளைத்தது. தினமும் பலகையை நகர்த்திப் பார்ப்பேன். ரோஸ் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும் இலைகளோடு அது நிற்கும். ராத்திரி படுக்கும்போது விளக்கை அணைத்து, பேட்டரியைச் சார்ஜில் போடுவேன். ஒரு முழம் வளர்ந்தபோது, குழிக்குள் என்னடா என்று அக்கா கேட்டாள். சைனசுக்கு மருந்துச் செடி என்றேன். உனக்கு சைனஸ் கிடையாதே என்றாள். வந்தால் என்ன செய்வது என்றேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது தலைக்கு மேல் வேலை.

அக்கா அதுவரை முதலாளி கொடுக்கிற பட்டில், முதலாளி சொல்கிற நிறத்தில், முதலாளியின் பேரில்தான் நெய்து வந்தாள். அந்த வருடம்தான் முதல் முறையாகத் தன் பேரிலேயே ஒரு புடவைக்கு ஆர்டர் பிடித்திருந்தாள். வாலாஜாபாத்தில் ஒரு டீச்சர், மூத்த மகளின் முகூர்த்தத்துக்கு. மாம்பழ மஞ்சள் உடல், இரண்டு பக்கமும் தக்காளிச் சிவப்புக் கரை. பட்டு வாங்கித் தந்தது டீச்சர், நிறம் சொன்னதும் டீச்சர். இந்த ஒன்று சரியாக அமைந்தால் அவருடைய பள்ளிக்கூடத்தில் இன்னும் நாலு பேர் வருவார்கள், அக்கா இனிமேல் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். சொதப்பினால் மறுபடியும் முதலாளி வீட்டு வாசல். முதலாளி இதைக் கேள்விப்பட்டு, "செய்யட்டும், செய்யட்டும்" என்று இரண்டு முறை சொன்னாராம். அந்த இரண்டாவது முறைதான் அக்காவை உறுத்திக்கொண்டே இருந்தது.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரே ஆளால் நெய்ய முடியாது. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா மூன்று வேண்டும். நடுவில் உட்கார்ந்து அக்கா உடலையும் இடது கரையையும் பார்ப்பாள். வலது ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவது நான். நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கிற சின்னக் குச்சிக்குத் தார் என்று பேர். அது தீரத் தீர மாற்றிக் கொடுப்பதும் என் வேலை. மஞ்சள் தார் ஒரு கிண்ணத்தில், சிவப்புத் தார் இன்னொரு கிண்ணத்தில், இரண்டின் மேலும் ஈரத்துணி. இதில் தப்பு செய்ய முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஊர் ஊராகக் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் தெருவுக்கு அந்த மாதம் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. அதுவரை கைகொடுத்த எமர்ஜென்சி லைட்டும் செத்துப்போயிருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது, முந்தி இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை கரண்ட் போனதும் கூடம் முழுக்க இருட்டாகி, பலகை இடுக்குகளில் மட்டும் ரோஸ் நிறக் கோடுகள் தெரிந்தன. பேட்டரியில் ஓடுகிற விளக்குக்குக் கரண்ட் கட் கிடையாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பகலில் தெரியாத ரகசியம் இருட்டில் வீடு முழுக்கக் கோடு போட்டுக்கொண்டு கிடந்தது.

"அது இன்னாடா எரிஞ்சிக்கினு கீது?" என்றாள் அக்கா.

"செடிக்குக்கா."

"செடிக்கு இருக்குது, எனக்கு இல்லியா? எடுத்துக்கினு வா."

எடுத்து வந்து தறிக்கு மேல் கட்டினேன். தெருவே இருண்டு கிடக்க எங்கள் ஜன்னல் மட்டும் ரோஸாக எரிந்தது. எதிர்வீட்டு அம்மாள் வந்து எட்டிப் பார்த்து, பியூட்டி பார்லர் வைக்கிறீர்களா என்று விசாரித்து விட்டுப் போனார். பேட்டரியை வைக்க இடம் வேண்டியிருந்ததால் நான் இரண்டு கிண்ணங்களில் ஒன்றை இன்னொன்றில் கவிழ்த்தேன். அந்த வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாத் தாரும் ஒரே சிவப்பு. ஒரே நிறமாக இருப்பதற்கு எதற்கு இரண்டு கிண்ணம்? என் கண்ணை நான் நம்பினேன். அக்கா என்னை நம்பினாள்.

நடுவில் ஒரு முறை நிறுத்தி, "எல்லாம் ஒரே மாதிரி தெரியுதேடா?" என்று கேட்டாள்.

"எல்.ஈ.டி. வெளிச்சத்துல அப்படித்தான்க்கா தெரியும். கரண்டு வந்தா சரியாப்பூடும்."

டிப்ளமோ படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நாடாவைத் தள்ளினாள். அன்றைக்கு வேலை நன்றாக ஓடியது. நான் பாட்டு வேறு பாடினேன்.

எட்டு மணிக்கு டியூப்லைட் இரண்டு முறை கண்ணடித்து எரிந்தது. மாம்பழ மஞ்சள் உடலின் குறுக்கே நாலு விரல் அகலத்துக்குப் பட்டைகள். மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு கொஞ்சம் மஞ்சள், மறுபடியும் சிவப்பு. கரையில் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் போய் உட்கார்ந்திருந்தது. கரண்ட் வந்தது, சரியாகவில்லை.

அக்கா திட்டினால் பதிலுக்கு என்ன சொல்வது என்று தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. புடவையின் மேல் உள்ளங்கையை வைத்து, பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய் சோற்றுக்கு உலை வைத்தாள். மாமா ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிச் சொல்லலாமா என்று கேட்டேன். சொன்னால் நெய்து கொடுப்பாரா என்றாள்.

நெய்ததைப் பிரிப்பது நெய்வதைவிடப் பல மடங்கு வேலை. குறுக்கே ஓடுகிற ஊடைநூலை நடுநடுவே வெட்ட வேண்டும், ஆனால் நீளவாட்டில் ஓடுகிற பாவுநூலில் கத்திரி படக்கூடாது. வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். எந்த விளக்கும் வேண்டாம், வெயிலில்தான் பிரிப்பேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். எங்கள் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலை பத்து மணிக்கு அதன் வழியே ஒரு சதுர வெயில் தறியில் ஏறி, ஒரு மணிக்கு இறங்கிவிடும். மூன்று நாட்கள் அந்தச் சதுரத்துக்குள் எங்கள் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டு கிடந்தன. உடலும் கரையும் பின்னிக்கொள்கிற இடத்தை அவள் பிரித்தாள். அங்கே என்னைத் தொடவிடவில்லை. நான் சிவப்புத் துணுக்குகளைக் கிள்ளினேன். அவை லுங்கியில், தலைமுடியில், சோற்றில் எல்லாம் ஒட்டிக்கொண்டன. இரண்டாம் நாள் ஒரு பாவுநூல் அறுந்தது. அதை அவள் எச்சில் தொட்டு முறுக்கி, மூன்றாவது முறையில்தான் ஒட்டினாள். அன்றைக்குப் பிறகு நான் பாடவில்லை.

மிச்ச நாட்களில் விடியற்காலையிலேயே உட்கார்ந்து பாக்கி உடலையும் முந்தியையும் நெய்து முடித்தாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் புடவை தறியிலிருந்து இறங்கியது. அன்று மதியமே டீச்சர் வந்தார். வந்ததும், பட்டு வாங்குகிற எல்லோரும் செய்வதுபோல, புடவையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய் வெயிலில் விரித்தார். அக்கா வாசற்படியில் நின்று அவர் முகத்தையே பார்த்தாள். டீச்சருடைய கட்டைவிரல் மஞ்சளில் ஊர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"இங்க பிரிச்சிருக்கியாமா?"

இல்லை என்று அக்கா சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கரண்ட் போனது, தம்பி செடி வளர்க்க வைத்திருந்த ரோஸ் விளக்கைக் கட்டியது, மூன்று நாள் பிரித்தது, ஒரு நூல் அறுந்து ஒட்டியது. வேண்டாமென்றால் பட்டுக்கு வேறு பட்டு வாங்கித் தருகிறேன், ஆனால் இந்தக் கல்யாணத்துக்குள் முடியாது என்றும் சொன்னாள். டீச்சர் புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் வந்தார்.

"வீட்டுக்குள்ள லைட்டு போட்டு இன்னா செடி வளர்க்கற தம்பி? நான் பிளஸ் டூவுக்கு பாட்டனிதான் எடுக்கறேன். காட்டு பாப்போம்."

செத்துவிட்டது என்றேன். அக்கா ஆச்சரியமாகப் பார்த்தாள். "காலைல தண்ணி ஊத்தினியேடா? சைனசுக்கு மருந்தாம் டீச்சர், நல்லா வந்திருக்குது. திறந்து காட்டுடா."

அக்காவுக்கு நிஜமாகவே தெரியாது. அவள் எனக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். புடவை இன்னும் டீச்சர் தோளில் இருந்தது, விலை இன்னும் கைமாறவில்லை. பலகையை நகர்த்தும்போது, அந்தப் புடவை எங்கள் வீட்டிலேயே தங்கப்போகிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதலாளி மூன்றாவது முறையாக என்ன சொல்வார் என்பதும் காதில் கேட்டது.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இலையைப் பார்த்தார், கணுவில் தொங்கிய சின்ன மொட்டுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பரீட்சைத் தாளில் வெறும் பேரை மட்டும் எழுதிக் கொடுத்த பையனைப் பார்க்கிற பார்வை.

"இது ஆண் செடி," என்றார். "இதுல நீ நெனைக்கற எதுவும் வராது."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அது எந்தச் செடி என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"தம்பி," என்றார் டீச்சர், "நான் காபி குடிச்சி முடிக்கறதுக்குள்ள அது வேரோட வெளிய வரணும். ஏம்மா, காபி போடுவியா?"

அக்கா காபி போட்டாள். வழியில், செடியைப் போட்டு அழிக்க ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணீரை என் பக்கத்தில் ணங்கென்று வைத்து விட்டுப் போனாள். நான் குழிக்குள் இறங்கிப் பிடுங்கினேன். இரண்டரை மாதம் வளர்த்தது ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கிள்ளிக் கிள்ளி வாளியில் போட்டேன். கிள்ளுவதில் அந்த வாரம் நல்ல பழக்கம் வந்திருந்தது. டீச்சர் தம்ளரோடு வந்து நின்று, தண்டையும் நறுக்கிப் போடச் சொன்னார். பேசிய தொகையைக் குறைக்காமல் அக்காவின் கையில் கொடுத்தார். பிரித்த இடம் கொசுவத்துக்குள் போய்விடும், பொய் சொல்லியிருந்தால்தான் புடவையை வைத்து விட்டுப் போயிருப்பேன் என்றார். பிறகு, சின்ன மகளுக்குத் தையில் பார்க்கிறோம், மயில்கழுத்து நிறத்தில் ஒன்று வேண்டும், அதையும் நீயே நெய்ய வேண்டும் என்றார்.

வாசலைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார். எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார். குழிக்குள் நிற்கிறவனுக்கு எல்லாமே கேட்கும்.

"கரை போட மட்டும் வேற ஆள் பாத்துக்கம்மா."

"பாத்துட்டேன் டீச்சர்," என்றாள் அக்கா.